லேபிள் அண்ணாச்சி வரைந்த ஃப்ளோஷீட்

சிவகாசி வட்டாரத்தில் கம்ப்யூட்டரை அதட்டி வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் லேபிள் அண்ணாச்சிதான். அது பாதியில் நின்றுவிட்டால் நாமெல்லாம் கெஞ்சுவோம், அணைத்துப் போடுவோம், ஊதுபத்தி காட்டுவோம். அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். "ஏலே, ஒழுங்கா வாரியா, இல்ல ஒன்ன எடைக்குப் போடவா?" என்பார். வந்துவிடும். சத்தியமாக வந்துவிடும்.

பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. வெடிக்கட்டுக்கும் மத்தாப்புப் பெட்டிக்கும் லேபிள் வரைந்தே தலை நரைத்தவர். ஒருமுறை பிஜிலி வெடிக்குப் புலி போட்டுக் கொடுத்தாராம். ஆர்டர் கொடுத்தவர் சிங்கம் கேட்டிருக்கிறார். "பிஜிலிக்குச் சிங்கமா? அது வெடிக்கிற லெச்சணத்துக்குப் புலியே ஓவரு" என்று சொல்லிவிட்டு அச்சகத்திலிருந்து இறங்கியவர், நேராக மல்லாங்கிணறு பக்கம் இருக்கும் எங்கள் சுண்ணாம்புக்கல் அரவை கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்.

நான் கனிமப் பொறியியல் படித்துவிட்டு அப்போதுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெயின்ட் கம்பெனி ஒன்று எங்கள் சுண்ணாம்பு மாவை வாங்க முன்வந்தது. ஒரே நிபந்தனை, ஃப்ளோஷீட் வேண்டும். அதாவது கல் எங்கே உள்ளே வருகிறது, எதில் உடைகிறது, எதில் மாவாகிறது, எங்கே மூட்டையாகிறது என்று எல்லாவற்றையும் சின்னங்களும் அம்புகளுமாகக் காட்டும் படம். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நீ படிச்ச புள்ள. அவரு படம் போடுற ஆளு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு வேல ஆயிராதா?"

இணையத்திலிருந்து ஒரு வரைபட மென்பொருளை இறக்கினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு உற்சாகம். இடது பக்கம் சின்னங்கள் வரிசையாக நிற்கும். வேண்டியதை இழுத்து வெள்ளைப் பக்கத்தில் போட வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு இழுத்தால் அது காந்தம் மாதிரி தானாக ஒட்டிக்கொள்ளும். கடைசியில் 'சரிபார்' என்ற பொத்தானை அழுத்தினால், எங்கேயும் போய்ச் சேராமல் அந்தரத்தில் நிற்கும் அம்பெல்லாம் சிவப்பாகிவிடும். இம்புட்டுத்தான். அரை நாளில் கற்றுக்கொள்ளலாம்.

அண்ணாச்சி அரை நாளில் கற்றுக்கொண்டார். மீதி அரை நாளில் அதைத் திருத்தத் தொடங்கினார்.

கல் உடைக்கும் கிரஷரைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஒரு நட்சத்திர வெடிப்பு போட்டார். "இது எதுக்கு அண்ணாச்சி?" என்றேன். "கல்லு ஒடையுதில்ல? அப்போ வெடிக்க வேணாமா?" அரவை இயந்திரத்தின் கீழே கொட்டை எழுத்தில் 'பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும் இயக்கவும்' என்று இருந்தது. பக்கத்தின் நான்கு ஓரத்திலும் பூவேலை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டேன். சைக்லோனில்தான் மாட்டிக்கொண்டேன். காற்றையும் மாவையும் பிரிக்கும் கூம்பு அது. அகன்ற வாய் மேலே, குறுகிய முனை கீழே. மாவு கீழே இறங்கும், காற்று மேலே போகும். உலகம் முழுக்க அப்படித்தான். அண்ணாச்சி அதைக் கண்டதும் பதறிவிட்டார்.

"எந்தக் கூமுட்ட புஸ்வாணத்தத் தலகீழா வச்சது தாயி?"

"அது புஸ்வாணம் இல்ல அண்ணாச்சி, சைக்லோன்."

"பேரு என்னமும் இருக்கட்டும். கூம்பு அடியில ஒக்காரணும், முனை வானத்தப் பாக்கணும். நாரணாபுரத்துல பொறந்த பச்சப் புள்ளயும் சொல்லும்."

"இப்படி வச்சா மாவு மேல போயிருமே."

"மேலதான் போகணும். கீழ போனா எவன் கைதட்டுவான்?"

நான் கவிழ்ப்பேன், அவர் நிமிர்த்துவார். இப்படியே ஒரு வாரம். நான் சாப்பிடப் போன நேரத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, திரும்பி வந்தால் எதுவும் தெரியாதவர் மாதிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். கடைசியில் அரவைக் கொட்டகைக்கே கூட்டிக்கொண்டு போய் நிஜ சைக்லோனைக் காட்டினேன். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "மாட்டுனவன் தப்பா மாட்டிட்டான்" என்றார்.

ஆனால் அங்கே அவர் வேறொன்றையும் பார்த்தார். மூட்டை பிடிக்கும் இடத்தில் ராக்கம்மா அக்கா நின்றுகொண்டிருந்தாள். குழாயிலிருந்து மாவு சாக்கில் விழும்போது, பாதி சாக்குக்குள் போகும், மீதி அக்கா மேல் போகும். புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தாள். அவள் இருமல்தான் வாசலுக்கே வந்து எங்களைக் கூப்பிட்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி பாக்கீக? எனக்குப் பவுடர் போடுற சோலியே கிடையாது. கல்யாண வீட்டுக்கு இப்படியே போயிருவேன்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அறைக்கு வந்து, மூட்டை பிடிக்கும் இடத்திலிருந்து புதிதாக ஓர் அம்பு இழுத்தார். 'தூசி' என்று அதற்குப் பெயர் வைத்தார். 'சரிபார்' அழுத்தினார். அம்பு சிவந்தது.

"எங்கயும் போயிச் சேரலங்குது தாயி."

"அங்கன தூசி பிடிக்கிற மெஷின் இருக்கணும் அண்ணாச்சி. நம்மகிட்ட இல்ல."

முதலாளியிடம் போனோம். "அந்த மெஷின் வெலைக்கு நான் இன்னொரு கொட்டகையே போட்டுருவேன். அம்ப அழிச்சிரும்" என்றார்.

"அம்ப அழிச்சிரலாம் மொதலாளி. தூசிய எப்படி அழிக்க?"

"அதுபாட்டுக்குக் காத்துல போகும்யா."

அண்ணாச்சி அம்பை அழிக்கவில்லை. சிவப்பாகவும் விட்டு வைக்கவில்லை. தன்னுடைய பழைய பெட்டகத்திலிருந்து ஒரு படத்தை எடுத்தார். கம்பி மத்தாப்பு பிடித்துக்கொண்டு பல்வரிசை தெரியச் சிரிக்கும் பாவாடைப் பெண். எத்தனை தீபாவளிப் பெட்டிகளில் நாம் பார்த்தது. அவளை ஸ்கேன் செய்து மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி, தூசி அம்பை அவள் மூக்கில் கொண்டுபோய் ஒட்டினார். ஒட்டிக்கொண்டது. 'சரிபார்' அழுத்தினார்.

பிழை ஏதும் இல்லை என்றது மென்பொருள்.

அந்தப் படத்தைத்தான் அவர் பெயின்ட் கம்பெனிக்கு அனுப்பினார். மறுநாள் வீடியோவில் கூப்பிட்டார்கள். முதலாளி சந்தனம் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "சார், அந்த லேடி சிம்பல் என்ன எக்விப்மென்ட்?"

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி தலையை நீட்டினார். "அது ராக்கம்மா சார். தூசி பிடிக்கிறது."

பழக்கதோஷத்தில் அந்த மனிதர், "கெப்பாசிட்டி?" என்று கேட்டுவிட்டார்.

"ரொம்ப நாளா ஓடுது சார். இப்பக் கொஞ்சம் சத்தம் குடுக்கு. ஸ்பேர் கெடைக்காது."

அந்தப் பக்கம் இன்ஜினியர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். தீர்ந்தது, மெஷின் வந்துவிடும், ராக்கம்மா அக்கா மூக்கைத் திறந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். படித்த பிள்ளை, அப்படித்தான் நினைக்கும்.

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "அந்த இடத்துல ஒரு டஸ்ட் கலெக்டர் காட்டிடுங்க சார். டிராயிங்ல காட்டினாப் போதும்."

முதலாளிக்கு உயிர் வந்தது. "கேட்டீராய்யா? காட்டுனாப் போதுமாம்!"

"வாங்குறது எப்போ மொதலாளி?"

"மொதல்ல காட்டும்."

"இல்லாத சரக்குக்கு நான் லேபிள் ஒட்டுறதில்ல."

"அப்போ வீட்டுல போயி சிங்கம் வரையும்" என்றார் முதலாளி.

அண்ணாச்சி வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் வரைய மாட்டேன் என்றேன். "ஒனக்கு ஏன் தாயி இந்தப் பாடு" என்று முதலாளி பாசமாகச் சொல்லிவிட்டு, விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வரைந்து வாங்கிவிட்டார். அழகான படம். தூசி அம்பு நேராகப் போய் தூசி பிடிக்கும் மெஷினில் சேர்ந்தது. சிவப்பு மருந்துக்கும் இல்லை. ஆர்டர் வந்தது. லோடு இரண்டு மடங்கானது. தூசியும்தான்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். மெஷின் எப்போது என்று முதலாளியை விடாமல் கேட்கிறேன். சீசன் முடியட்டும் என்கிறார். எங்கள் ஊர்ப்பக்கம் எந்த முதலாளிக்கும் சீசன் முடிந்ததில்லை.

போன வாரம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஏதோ ஒரு சின்ன அச்சகத்தில் இருக்கிறாராம். "என்ன தாயி, இப்படி எலும்பும் தோலுமா நிக்கே, ஒங்க முதலாளி சம்பளத்தையும் படத்துலதான் காட்டுதானா?" என்று ஆரம்பித்தார். பஸ் ஸ்டாப்பே சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மெஷின் வந்துச்சா?"

"இல்ல அண்ணாச்சி."

"ராக்கு?"

"படுத்துட்டா. இப்ப அந்த எடத்துல அவ மக நிக்கா."

அண்ணாச்சி சுண்ணாம்பு தடவாத வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். என் பஸ் வந்தது. அவர் மறுபடியும் யாரையாவது திட்ட ஆரம்பிக்கட்டும், அப்புறம் ஏறிக்கொள்ளலாம் என்று அதை விட்டேன். அதற்கடுத்த பஸ்ஸையும் விட்டேன்.