காட்டேரிக்குப் பச்சை மை

ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற காட்டேரி சென்னை மாநகரத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மயிலாப்பூரில், லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில், என் மேஜைக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தது.

மரியாதை கருதி 'உட்கார்ந்திருந்தார்' என்று திருத்திக்கொள்கிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஆசிரியரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் காட்டேரிதான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் உதவி ஆசிரியனாகக் குப்பை கொட்டிய வாரப் பத்திரிகைக்கு அவர் ஒரு நகைச்சுவைத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். சீமையிலிருந்து கப்பலேறி வந்த காட்டேரிப் பிரபு ஒருவர், காட்டேரிகளுக்கு ஆகவே ஆகாத பூண்டின் வாசனை இல்லாத இடம் தேடிச் சென்னை முழுக்க அலைகிறார். கடைசியில் மயிலாப்பூர் மாட வீதியில் ஜாகை பிடிக்கிறார். அங்கே முதல் டம்ளர் காப்பி தொண்டையில் இறங்கியதும் ரத்தத்தையே மறந்துவிடுகிறார். பக்கத்து வீட்டில் சொக்கம்மா என்று துடைப்பத்தில் பறக்கிற ஒரு சூனியக்காரி. முந்நூறு வயது, வாய் ஓயாது. இந்த இருவரின் சண்டைதான் கதை. வாசகர்கள் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டியதற்கு அதுவே காரணம்.

ஆள் ஒல்லி. மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பழைய கறுப்புக் கோட்டு, அதில் மூன்று பொத்தான்கள். சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். கேட்டால், "வேஷம் கலைஞ்சா கதை கலைஞ்சிடும் தம்பி" என்பார். மதுரைப் பக்கத்துக்காரர். தினமும் பூண்டு ஊறுகாயோடுதான் மத்தியானச் சாப்பாடு. அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் அவருடைய பிரபு மறு கப்பலில் சீமைக்கே ஓடியிருப்பார்.

கதை யோசிக்க வேண்டும் என்றால் முன்கூடத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மல்லாந்து படுப்பார். கோட்டுப் பொத்தான்களை மாட்டிக்கொண்டு, மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிவிடுவார். பார்க்கிறவர்களுக்குப் பகீர் என்றிருக்கும். ஒருநாள் கும்பகோணத்து ஏஜெண்ட் முதன்முறையாக ஆபீசுக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார், பெஞ்சருகே போய்க் கைகூப்பிக் கண்கலங்கி நின்றார். காட்டேரி மெல்லக் கண்ணைத் திறந்து, "சார், துடைப்பத்துல ரெண்டு பேர் உட்கார்ந்தா பறக்குமா?" என்று கேட்டார். ஏஜெண்டின் செருப்பு வெகுநாள் எங்கள் வாசலிலேயே கிடந்தது.

இவ்வளவு பேரைச் சிரிக்க வைத்த மனிதருக்கு ஒரே ஒருவரைச் சிரிக்க வைக்க முடியவில்லை. அவர் ராஜம். எங்கள் பிழை திருத்துநர். முப்பத்து மூன்று வயதுப் பெண்மணி. அபிராமபுரத்தில் அண்ணா வீட்டிலிருந்து நடந்தே வருவார். நகைச்சுவைத் தொடரை நிலப் பத்திரம் படிப்பதுபோலப் படிப்பார். காட்டேரியோ தன் மேஜையில் பேனாவைக் கடித்துக்கொண்டு, அந்த உதடு ஒரு நூலளவாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அசையாது. அவர் அந்தத் தொடரை எழுதியதே அந்தச் சிரிப்புக்காகத்தான் என்பது ராஜத்தைத் தவிர எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ராஜம் திருத்திய முதல் புரூஃப் வந்த அன்றுதான் மயக்கக் கதை நடந்தது. தாள் முழுக்கச் சிவப்பு மை. பிரித்துப் பார்த்த காட்டேரி அப்படியே நாற்காலியோடு சாய்ந்தார். அச்செழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் ஓடி வந்தார். எல்லாரையும் நைனா என்று கூப்பிடுகிறவர், அதனால் அவரும் எங்களுக்கு நைனா.

"இன்னா நைனா, காட்டேரி பூட்டாரா?" என்று கேட்டபடி சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார்.

"ஒண்ணுமில்ல... பார்க்க ரத்தம் மாதிரி இருந்துச்சு" என்று முனகினார் காட்டேரி.

மறுவாரம் காட்டேரியின் புரூஃப் மட்டும் பச்சை மையில் திருத்தப்பட்டு வந்தது. ஆபீசில் பச்சை மை கிடையாது. சொந்தப் புட்டி.

அதற்கப்புறம் புரூஃப் தாளின் ஓரத்தில் ஒரு தனித் தொடர் நடந்தது. பச்சையில் ராஜம் கேட்பார்: 'பிரபுவுக்கு நிழல் கிடையாது என்று மூன்றாம் வாரத்தில் இருக்கிறது. இங்கே நிழலில் ஒதுங்குகிறாரே?' காட்டேரி பென்சிலில் பதில் எழுதுவார்: 'அது புங்கமரத்து நிழல்.' ராஜம்: 'வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் எந்த மயிலாப்பூர் சூனியக்காரி வெளியே பறப்பாள்?' காட்டேரி: 'விளக்கேற்றிவிட்டுத்தான் கிளம்பினாள், எழுத விட்டுப்போயிற்று.'

இந்த மாதிரிச் சொந்தக் குறிப்புகளைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். வட்டத்துக்குள் இருப்பது பேச்சு, அதைக் கோர்க்கக் கூடாது. வட்டமில்லாமல் ஓரத்தில் இருப்பதெல்லாம் கதை, அதைக் கோர்த்தே ஆக வேண்டும். ராஜம் வட்டம் போட்டால் காம்பஸ் வைத்துப் போட்டமாதிரி இருக்கும்.

ஒரு வாரம் காட்டேரி சொக்கம்மாவுக்கு முப்பத்து மூன்று வயது என்று எழுதிவிட்டார்.

'முந்நூறு அல்லவா?' என்றது பச்சை மை.

'மன்னிக்கவும். எழுதும்போது வேறொருவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.'

'யாரை?'

'பச்சை மையில் எழுதுகிறவரை.'

அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் ராஜம் வட்டம் போட மறந்தார். நைனா நாலு வரியையும் ஒழுங்காகக் கதைக்கு நடுவே கோர்த்துவிட்டார். கடைசிப் பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச். டிரான்சிஸ்டரில் காதை வைத்துக்கொண்டு, எதில் போடுகிறோம் என்றே தெரியாமல் கையெழுத்தைப் போட்டேன். பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது.

நான் நைனாவிடம் பாய்ந்தேன். அவர் அசரவில்லை.

"வட்டம் கீதான்னு பார்த்தேன், இல்ல. கோத்துட்டேன். ஒரு எழுத்து வுட்டா ரத்தத்தக் குடிச்சிடுவேன்னு போன மாசம் காட்டேரிதான கத்திகினு இருந்தாரு? கையெழுத்துப் போட்டது யாரு நைனா, நானா?"

நான் போய் டிரான்சிஸ்டரை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டேன்.

வாசகர்கள் அதுவும் கதைதான் என்று நினைத்து ரசித்தார்கள். ஆனால் பச்சை மை யாருடையது என்று மயிலாப்பூரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதி சொல்லிவிட்டது. ராஜம் மூன்று நாளாக ஆபீசுக்கு வரவில்லை. நாலாம் நாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. நீல மையில். காட்டேரி அதை எடுத்துப் பார்த்தார். சிவப்பு மைக்கே சாய்ந்த மனிதர், இந்த முறை மயங்கக்கூட இல்லை. போய்ப் பெஞ்சில் படுத்தார். சாயங்காலம் எழுந்து என்னிடம் வந்தார்.

"கெளம்புங்க தம்பி. அபிராமபுரம் போறோம். கையெழுத்துப் போட்டது நீங்க, அதனால அடி விழுந்தா பாதி உங்களுக்கு."

ராஜத்தின் அண்ணா கதவைத் திறந்தார். பாங்கியில் வேலை, நெற்றியில் சந்தனம், முகத்தில் இடி. இருந்தாலும் வீடு தேடி வந்தவர்களிடம், "வாங்கோ, உக்காருங்கோ" என்றார். காட்டேரி உட்காரவில்லை. கோட்டுப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே, நாலு தாள்களை நீட்டினார்.

"சார், அடுத்த வாரத்து அத்தியாயம். காட்டேரிப் பிரபு தானாவே பூண்டு ஊறுகாயைத் தின்னு சாம்பலாயிடறார். கீழே முற்றும்னு போட்டிருக்கேன். தொடர் இத்தோட நின்னுபோச்சுன்னா பேச்சும் நின்னுபோயிடும். நானும் வேலையை விட்டு ஊருக்குப் போயிடறேன். அவங்களை மட்டும் பழையபடி வேலைக்கு அனுப்புங்க."

அந்தத் தொடரை விட்டால் அவருக்கு இந்த ஊரில் வேறு எதுவும் கிடையாது.

அண்ணா நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நிமிர்ந்து, எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"அது கிடக்கட்டும். உங்காத்துல வெங்காயம் பூண்டெல்லாம் உண்டோ?"

நான் காட்டேரியின் காலை மிதித்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் பொய்யை எல்லாம் கதையிலேயே செலவழித்துவிடுகிற மனிதர் அவர்.

"தினமும் உண்டு சார். இன்னைக்கு மத்தியானம்கூட" என்றார்.

அண்ணாவின் முகம் இறுகியது. அப்போது உள்ளிருந்து ராஜம் வந்தார். அண்ணா கையிலிருந்த தாள்களை வாங்கி, நின்றபடியே படித்தார். ஆபீசில் படிக்கிற அதே நிலப் பத்திர முகம்.

"அண்ணா, இதுல ஒரு பெரிய பிழை இருக்கு. பூண்டு தின்னா காட்டேரி செத்துப்போயிடும்னு எழுதியிருக்கார். தினம் தின்னுண்டு இதோ எதிர்ல நன்னா நிக்கறாரே! இதை நான் எப்படிப் பாஸ் பண்றது?"

சொல்லி முடிப்பதற்குள் உதடு அசைந்தது. முதலில் ஒரு நூலளவு. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அண்ணா திகைத்து, "ராஜி, என்னடி ஆச்சு உனக்கு?" என்றார். தங்கை அப்படிச் சிரித்து அவரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. காட்டேரி மட்டும் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். சிவப்பையே பார்க்காமல் அவருக்கு மயக்கம் வந்தது அந்த ஒருமுறைதான்.

நாங்கள் கிளம்பும்போது அந்தக் கடைசித் தாளில் 'முற்றும்' பச்சை மையில் அடித்து நீக்கப்பட்டிருந்தது.

அண்ணா இறங்கிவர எட்டு மாதம் ஆயிற்று. பதிவாளர் ஆபீசில் நானும் நைனாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். "இதுக்கு வட்டம் போடணுமா, வாணாமா?" என்று நைனா பதிவாளரையே கேட்டார். நங்கநல்லூரில் குடித்தனம். ஒரே வீட்டில் இரண்டு ஊறுகாய் ஜாடிகள், ஒன்றில் நாரத்தை, ஒன்றில் பூண்டு. பிரபுவும் சொக்கம்மாவும் இன்னும் இரண்டு வருஷம் சண்டை போட்டார்கள்.

காட்டேரி போன வருஷம் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, மல்லாந்து படுத்தபடி. யோசிக்கிறார் என்று நினைத்து ராஜம் வெகுநேரம் எழுப்பவே இல்லையாம்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் ராஜத்துக்கு அனுப்பிவைத்தேன். ஒற்று மிகுந்ததும் மிகாததுமாகப் பதினோரு இடங்களில் திருத்தித் திருப்பி அனுப்பினார். எல்லாம் பச்சை மை. கோட்டைப் பற்றி எழுதிய இடத்துக்கு எதிரே, ஓரத்தில், வட்டத்துக்குள் ஒரு குறிப்பு: 'பொத்தான் மூன்று அல்ல, நான்கு. அபிராமபுரத்துக்கு வந்த அன்று திருகித் திருகி ஒன்றைக் கூடத்தில் விட்டுப் போனார். அது என்னிடம் இருக்கிறது.'

மற்ற எல்லாவற்றையும் அவர் சொன்னபடி திருத்திவிட்டேன். மூன்று பொத்தான் என்பதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். நாலாவதை எண்ண எனக்கு உரிமை இல்லை.