வாலைப் பார்க்காமல் கும்பிட்டவன்

பக்தி முற்றிப்போனால் கண்ணாடி போட்டிருந்தும் கண் தெரியாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

மராத்திக்காரர்கள் ஊரான நிக்டியில் எங்கள் வீடு. கம்பெனியில் ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்குப் பிள்ளையார்தான் முழுநேர வேலை. மகள் சுதா இங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். மனிதர்களுக்கு வரும் வைரஸ் காய்ச்சலை எலிகளுக்கு வரவழைத்து, அது உடம்பை என்ன செய்கிறது, எந்த மருந்து கேட்கிறது என்று பார்க்கிற வேலை. (பிள்ளையார் வாகனத்துக்கா காய்ச்சல் கொடுக்கிறே என்று நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.)

அன்று சங்கடஹர சதுர்த்தி. சாயங்காலம் கொழுக்கட்டை படைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றேன். திறந்தால், தட்டில் ஒரு வெள்ளை எலி. ஓடவில்லை. கொழுக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டது.

சாஷ்டாங்கமாக விழுந்தேன். எழுந்து அதன் நெற்றியில் குங்குமம் வைத்தேன். எதிர்வீட்டுக் காக்குவை, அதாவது மராத்தி அத்தையை, கூப்பிட்டேன். அந்த அம்மாள் பில்டிங்கையே கூப்பிட்டுவிட்டார். ஒவ்வொருவராக அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

என் மனைவி காதோரம் வந்து, "ஏங்க, நேத்து சுதா பையை இங்கதானே வெச்சா?" என்றாள்.

பையில் ஏறி வந்த எலியா? காய்ச்சல் எலியா? பில்டிங்குக்கே வந்துவிட்டால்? மகள் வேலை என்னாவது? கம்பெனி ஷாப் ஃப்ளோரில் பழகின ஹிந்தியில், "எல்லாரும் கை கழுவுங்க, யாரும் போகாதீங்க" என்றேன். பிரசாதம் தரப்போகிறேன் என்று நினைத்து, கை கழுவிவிட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

சுதாவுக்குப் போன் போட்டேன்.

"அதுக்கு வால் எப்படிப்பா இருக்கு?"

"கும்பிட்டேம்மா. வாலைப் பார்க்கலை."

"போய்ப் பாருங்க."

வாகனத்தைப் பின்பக்கமாகத் தரிசித்தேன். வால் இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மொட்டு.

"அப்போ அது ஹாம்ஸ்டர். யாரோ வீட்டுல வளர்க்கிறது. எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் நீள வால் சுண்டெலி. நாங்களே குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வெளியே வர்றோம். பை உள்ளேயே போகாது. எலி எங்கேர்ந்துப்பா வரும்?"

போன உயிர் திரும்பி வந்தது. "கணேசா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அந்த நேரம் மூன்றாம் மாடிக் கல்லூரிப் பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். "அங்கிள், என் மோத்தி இங்கே வந்துதா?" என்றவள், அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு யார் பொட்டு வெச்சது?" என்றாள்.

காக்கு என்னைப் பார்த்தார். நான் கொழுக்கட்டையை விநியோகிக்க ஆரம்பித்தேன்.

இன்றைக்கும் சுதா வேலையிலிருந்து வந்தால், "பையை வாசல்லயே உதறிட்டு வாடி, உங்கப்பா குங்குமத்தோட நிக்கிறாரு" என்பாள் என் மனைவி. சொல்லட்டும். நமக்காகக் காய்ச்சல் படுகிற அந்த நீள வால்காரர்கள் பேரில் சதுர்த்திக்குச் சதுர்த்தி ஒரு கொழுக்கட்டை தனியாக வைக்கிறேன்.

மோத்தி இறங்கி வந்து தின்றுவிட்டுப் போகிறது.