பதினாறு டிகிரி

ட்ரம்மில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் பட்டை முப்பத்தொன்று காட்டியது. நெவில் கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அதற்குள் முப்பத்திரண்டு ஆகியிருந்தது.

"நோலின், இங்க வந்து பாரு. இது குறையறதுக்குப் பதிலா ஏறுது."

அவர் மனைவி நோலின் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று எட்டிப் பார்த்தாள். தூண்கள் மேல் நிற்கும் மரவீடு. கீழே சலவை மெஷினும் பெரிய ஃப்ரீசரும் இருக்கிற இடத்தில்தான் நெவில் ட்ரம்மை வைத்திருந்தார்.

"டிசம்பர் மாசம். இங்கம் ஊர். வேற எப்படி இருக்கும்?" என்றாள். பூமியின் தென்பாதியில் இருக்கிற அந்த ஊருக்கு டிசம்பர்தான் கடும் கோடை.

ட்ரம்முக்குள் இருந்தது நேற்றுக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க ஊற்றி இறுக மூடிய மால்ட் கஷாயம். அதில் ஈஸ்ட் போட்டால்தான் பீர். ஈஸ்ட் பாக்கெட் தயாராக இருந்தது. நெவில் அடுப்பங்கரையில் மால்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நோலின்தான் கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தாள். பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு வரி: பதினாறு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அதைப் படித்த நிமிடத்திலிருந்து நெவில் ட்ரம் பட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த ஊரில் டிசம்பரில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரே டீ போடுகிற பதத்தில்தான் வரும்.

மற்ற வருடமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். போன கிறிஸ்துமஸுக்கு அவர் காய்ச்சிய பீர் வெயிலில் கெட்டு, நகப்பூச்சு வாடை அடித்தது. பக்கத்து வீட்டு க்ளைவ், சர்க்கரை ஆலையில் நெவிலுக்கு அடுத்த நிலையில் இருப்பவர், ஒரு வாய் குடித்துவிட்டு, "நெயில் பாலிஷ் இல்லப்பா இது. நெவில் பாலிஷ்" என்றார். அந்தப் பெயர் ஆலை முழுக்க ஒட்டிக்கொண்டது. ஜனவரிக் கடைசியில் நெவில் ஓய்வு பெறுகிறார். "என் பிரிவு விருந்துல என் பீர்தான், எல்லாரும் குடிக்கறீங்க" என்று கேன்டீனில் மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முப்பத்தொன்பது வருட உழைப்புக்குப் பிறகு ஒரு மனுஷன் நெவில் பாலிஷ் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகலாமா?

பீர் சாமான் விற்கிற என்னியோவுக்குப் போன் போட்டார். என்னியோ எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"பழைய சட்டையை நனைச்சு ட்ரம்முக்குப் போட்டு விடுங்க. பக்கத்துல ஃபேன். ஈரம் காயக் காயக் குளிரும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நெவில் தன்னுடைய ஆலைச் சட்டையை நனைத்து ட்ரம்முக்கு மாட்டிப் பொத்தானும் போட்டார். ஃபேன் சுழன்றது. ஆனால் சட்டை காயவில்லை. காற்றே வியர்த்துக்கொண்டிருக்கிற ஊரில் சட்டை எங்கே காயும்? தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு வாளி ஊற்றினார். அது வழிந்து ஃபேன் பிளக்கைத் தொட்டது. டப் என்று ஒரு சத்தம். நெவில் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் வேறு பிளக்கில் மாட்டி, தன் சமயோசிதத்தை மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கீழேயிருந்து நோலின் கூப்பிட்டாள்.

"நெவில், மீன் எல்லாம் ஏன் மிதக்குது?"

ஃப்ரீசரும் அந்தப் பழைய பிளக்கோடு சேர்ந்த லைன்தான். கிறிஸ்துமஸுக்கு நோலினின் தம்பி பிடித்துக் கொடுத்த பதினோரு கொடுவாய் மீன், இரண்டு பை இறால், எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடந்தன. நெவில் ஒரு கையால் மூடியைப் பிடித்தபடி, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ட்ரம் எத்தனை டிகிரி?" என்று நோலின் கேட்டாள்.

"முப்பது."

"பரவால்ல. ரெண்டு குறைஞ்சிருக்கே," என்றாள்.

மீன்களைப் புதைத்துவிட்டு வந்த நெவில், ட்ரம்மைக் குளியல் தொட்டிக்குள் இறக்கினார். பெட்ரோல் பங்க்கில் இருந்த ஐஸ் மூட்டை அத்தனையையும் வாங்கி வந்து சுற்றிலும் கொட்டினார். இருபத்திரண்டுக்கு இறங்கியது. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இருபத்தேழு. மறுபடி ஐஸுக்குப் போனால், "முழுசும் நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்க. அப்பலேர்ந்து ஊரே வந்து திட்டிட்டுப் போகுது," என்றாள் பங்க்கில் இருந்த பெண்.

குளியலறை ட்ரம்முக்குப் போய்விட்டதால் நோலின் நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் தோட்டத்துக் குழாயைத் தலைக்கு மேல் பிடித்துக் குளித்தாள். வேலிக்கு மேலே க்ளைவின் தொப்பி தெரிந்தது.

"நெவில், ட்ரம்முக்கு சோப்புப் போட்டு விட்டாச்சா? முதுகு தேய்க்க ஆள் வேணும்னா சொல்லு."

நெவில் ஜன்னலைச் சாத்தினார். ஒரு டிகிரி ஏறியது. திறந்தார்.

மிச்சம் இருந்தது சமையலறை ஃப்ரிட்ஜ். தட்டுகளைக் கழற்றினார். பால், வெண்ணெய், பன்றித் தொடை, ஊறுகாய் எல்லாம் தொட்டியில் மிச்சமிருந்த ஐஸோடு பிக்னிக் பெட்டிக்குப் போயின. ட்ரம் உள்ளே போனது, கதவு மட்டும் இரண்டு விரற்கடை மூடவில்லை. கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அரை மணிக்கு ஒரு முறை அறிவித்தார்.

"இருபத்து மூணு."

"சரி," என்றாள் நோலின், பேப்பரால் விசிறிக்கொண்டே.

"இருபது. நோலின், பதினெட்டு. பதினெட்டு வந்துடுச்சு."

ஃப்ரிட்ஜ் ஒரு முறை உடம்பை உலுக்கியது. பின்பக்கம் கொஞ்சம் புகை வந்தது. அதன் பிறகு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. இவ்வளவு அமைதியாக நெவில் தன் சமையலறையைக் கேட்டதே இல்லை. கயிற்றைக் கையில் பிடித்தபடி, உறவினர் உயிர் பிரிந்த படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் நின்றார். திடீரென்று அதை அவசரமாக அவிழ்த்தார்.

"ஈஸ்ட்," என்றார்.

பாக்கெட் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருந்தது. அதையும் குளிரில்தான் வைக்க வேண்டும். பிக்னிக் பெட்டியில் போட்ட ஐஸ் அதற்குள் உருகிவிட்டிருந்தது. பக்கத்தில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் க்ளைவ் வீட்டில்தான். நெவில் பாக்கெட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனார்.

"ரெண்டு நாளைக்கு இதை உன் ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்க முடியுமா?"

க்ளைவ் மூட்டையைப் பார்த்தார். "என்னது இது?"

பீருக்கு என்றால் வேறு வினையே வேண்டாம். நாளைக் காலை ஆலை முழுக்கத் தெரிந்துவிடும்.

"மருந்து," என்றார் நெவில்.

"யாருக்கு?"

"நோலினுக்கு."

க்ளைவின் முகம் மாறிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கி, பயபக்தியோடு வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தார். தோளில் ஒரு தட்டும் தட்டினார். தப்பித்தோம் என்று நெவில் திரும்பி வந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு வாசலில் க்ளைவின் மனைவி மெர்லும், சர்ச்சில் பியானோ வாசிக்கிற க்ளெனிஸும் நின்றார்கள். கையில் அடுப்பில் சுட்ட கறிப் பாத்திரம் ஒன்று, கிழங்குப் பாத்திரம் ஒன்று, பூச்செண்டு ஒன்று. பின்னால் இரண்டு கார்களில் இன்னும் இரண்டு பெண்கள் பாத்திரங்களோடு வந்து இறங்கினார்கள்.

"நோலின், உனக்கு இப்படின்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே," என்று மெர்ல் கட்டிக்கொண்டாள்.

நோலின் அவள் தோளுக்கு மேலாக நெவிலைப் பார்த்தாள். நெவில் கூரையைப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிடுவாள் என்றே நினைத்தார். ஆனால் நோலின் மெல்லப் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்தேன்," என்றாள்.

என்ன மனசு இவளுக்கு என்று நெவிலுக்குக் கண் கலங்கியது.

மதியத்துக்குள் மேஜை மேல் ஏழு பாத்திரம் சேர்ந்துவிட்டது. வைக்க ஃப்ரிட்ஜ் இல்லை. அந்த வெயிலில் ஒவ்வொன்றாகப் புளிக்க ஆரம்பித்தன. ட்ரம்மில் இருப்பதைத் தவிர வீட்டில் எல்லாமே புளித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் புழுக்கத்துலயா இவளைப் போட்டு வெச்சிருக்கே?" க்ளெனிஸ் நெவில் பக்கம் திரும்பினாள். "ஊர்ல நாய் படுக்கற இடத்துல கூட ஏசி இருக்கு. உடம்பு முடியாதவளுக்கு ஒண்ணு போட உனக்கு என்ன?"

"எங்கப்பா இந்த வீட்டைத் தூண் மேல தூக்கிக் கட்டினதே காத்து வரத்துக்குத்தான்," என்றார் நெவில். இந்த வாக்கியம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். இருபத்திரண்டு வருடமாக, வீட்டில் ஏசி பேச்சு எழும்போதெல்லாம் சொல்லி வருகிறார்.

"எனக்கு எதுக்கு ஏசி? பழகிப்போச்சு," என்றாள் நோலின்.

"எங்க வீட்டுல பதினாறு வெச்சா போர்வை கேக்கும், தெரியுமா?" என்றாள் மெர்ல்.

நெவில் சட்டென்று நிமிர்ந்தார். "எத்தனைன்னு சொன்னே?"

"பதினாறு. அதுக்குக் கீழ போகாது."

"பதினாறு," என்றார் நெவில். குரல் உடைந்தது. "போடறேன். இன்னிக்கே போடறேன்."

பெண்கள் நால்வரும் கைக்குட்டையை எடுத்தார்கள். மனைவி மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிற ஆளை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோம் என்று மெர்ல் வெளிப்படையாகவே சொன்னாள். அன்று முதல் க்ளைவும் வேலிக்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

ஏசி மாட்டுகிறவன் மறுநாளே வந்தான். கீழ்த்தளத்துக்குச் சுவரே கிடையாது, வெறும் பலகைச் சட்டம். ஏசி நிற்கிற அளவுக்கு அடைப்பான அறை படுக்கையறை ஒன்றுதான் என்றான். ட்ரம் மாடி ஏறிக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தது.

"அப்ப நான் எங்க படுக்கறது?" என்றாள் நோலின்.

"இங்கயேதான். ட்ரம்மை இடிக்காம படு."

நோலின் பெருமூச்சு விட்டுப் பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்தாள்.

மறுநாள் பட்டை பதினாறு காட்டியது. க்ளைவ் வீட்டிலிருந்து மருந்து திரும்பி வந்தது. நெவில் ஈஸ்ட்டைத் தூவி மூடினார். ட்ரம் நிதானமாக முனகத் தொடங்கியது. கதவை அடிக்கடி திறந்தால் குளிர் போய்விடும் என்று, காவலுக்கு நோலினே உள்ளே உட்கார்ந்துகொண்டாள். மதியம் முழுக்க, கம்பளிக்குள், ஒரு கதைப் புத்தகத்தோடு. வெளியே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நெவில், தன் பெயரைக் காப்பாற்ற ஒருத்தி உள்ளே குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறாளே என்று உருகிப்போனார்.

பிரிவு விருந்தில் முதல் கிளாஸை க்ளைவுக்குத்தான் கொடுத்தார். ஆலையே பார்த்துக்கொண்டிருந்தது. க்ளைவ் முகர்ந்தார். குடித்தார். அடியில் மிச்சமிருந்ததையும் வாயில் கவிழ்த்துக்கொண்டார். பிறகு கிளாஸை நீட்டி, "இன்னொண்ணு ஊத்துப்பா," என்றார்.

நெவிலுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நாற்காலி மேல் ஏறிப் பேசினார். மீன் போனதையும், குளியலறை போனதையும், ஃப்ரிட்ஜ் போனதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மருந்து என்று பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டார். மெர்ல் வாயைப் பொத்திக்கொண்டாள். "முப்பத்தொன்பது வருஷ வேலையில எனக்குக் கெடைச்ச பேரை விட, இந்த ஒரு ட்ரம்முக்காக என் நோலின் பட்ட கஷ்டம் பெருசு. ஒரு வார்த்தை குறை சொல்லல அவ," என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமானது. நோலின் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

இறங்கி வந்தவரை என்னியோ தனியாக ஓரமாக அழைத்துப் போனார். பேச்சைக் கேட்டதிலிருந்து மனுஷனுக்கு முகமே சரியில்லை.

"நெவில், என்மேல வருத்தம் வெச்சுக்காதீங்க. முப்பத்தஞ்சு டிகிரியிலயும் ஜம்முனு வேலை செய்யற ஈஸ்ட்டைத்தான் நான் எடுத்துக் குடுத்தேன். உங்க வீட்டம்மாதான் அதைத் திருப்பிக் குடுத்துட்டு, 'ஏசி இல்லாம பொழைக்கவே பொழைக்காத ஈஸ்ட் எது, அதைக் குடுங்க'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."