மிச்சமான பதினைந்து முழ ஏரியல் வயர்

பனமரத்துப்பட்டி,
விக்கிரம வருடம், மாசி 12.

திருச்சியிலிருக்கும் மாப்பிள்ளை மருதாசலம் அவர்களுக்கு, மாமன் சென்னியப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் கன்றுகாலிகளும் நலம். கார் மட்டும் நலமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம் பெண் வசந்தாமணி ரேடியோவில் பாடுகிறாள் என்று நீங்கள் எழுதியதும், வீட்டில் மின்சாரம் இல்லையே என்று காரிலேயே ரேடியோ வைத்துவிட்டேன். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது நான் பாடும் பாட்டைக் கடைசியாகப் பாடச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதை என் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சேலத்து மெக்கானிக் மாதையன் வந்து பொருத்திவிட்டு, கார்க் கூரையிலிருந்து இறங்கும் ஏரியல் வயரில் பதினைந்து முழம் மிச்சம் என்றான். "வெட்டிப் போடலாமுங்க. இல்லாட்டி எஞ்சினுக்கு எட்டத்துல, பின்சீட்டுக்கடியில போடோணும். பக்கத்துல இருந்தா இரையுமுங்க." எனக்கு வந்ததே கோபம்! கிணற்று வடத்தை நீளம் என்று எந்தக் குடியானவனாவது வெட்டுவானா? தேயத் தேய விட்டுக் கட்ட வேண்டாமா? அவனை அனுப்பிவிட்டு, வயருக்கு விளக்கெண்ணெய் தடவி, வடம் சுற்றுவதுபோல அழகாக வளையம் சுற்றி, அவசரத்துக்குக் கைக்கு எட்டட்டும் என்று எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஊரே காரைச் சுற்றி உட்கார்ந்தது. மாடு நடந்தால்தானே தண்ணீர் வரும்? எஞ்சினை ஓடவிட்டு ரேடியோவைத் திருகினேன். டர்ர்ர் என்று ஒரே இரைச்சல், அரை மணி நேரமும் அதேதான், அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக் காளியப்பன் தலையை ஆட்டி ஆட்டி, "அம்மிணி தாளந் தப்பாமப் பாடுதுங்க" என்கிறான்! கடைசியில் எஞ்சினும் நின்றுவிட்டது. நான் விடுவேனா? முன்னால் போய் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக்கொண்டே, காரையும் மாதையனையும் அவன் ஏழு தலைமுறையையும் உரக்கத் திட்டினேன். உடனே மொத்தச் சனமும் என்னைப் பார்த்து, "சும்மா இருங்க சாமி! வாயை மூடுங்க!" என்று கத்துகிறது. உங்கள் அத்தை மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாளுங்க மாப்பிள்ளை, என் முதுகிலேயே பட்டது! நான் அசரவில்லை. எஞ்சினைக் கிளப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். மறுபடியும் டர்ர்ர்.

மாதையன் தந்தது ஊமை ரேடியோ. ஒரு சொல் கேட்டதென்று எவனாவது சொல்லட்டும்! நீங்கள் நேரில் வந்து அவனை நாலு கேள்வி கேட்க வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தம். உங்கள் வயலும் வயிறும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சென்னியப்பன்

பின்குறிப்பு: இரண்டு நாளாகப் பேசாத உங்கள் அத்தை, இதைப் படித்துக் காட்டியதும் வாயைத் திறந்தாள். "எஞ்சின் நின்னதுமே பாட்டுத் தெளிவாக் கேட்டுதுங்க. உங்க பாட்டேதான். ஊரே கேட்டுது. நீங்கதான் கத்தீட்டிருந்தீங்க." வசந்தாமணியை இன்னொரு முறை பாடவைக்க வழி உண்டா என்று விசாரியுங்கள். எஞ்சினை நிறுத்தி வைக்கிறேன். வாயையும்தான். வயரைப் பின்சீட்டுக்கடியில் போட்டாயிற்று, மாதையனிடம் சொல்ல வேண்டாம். வெட்ட மட்டும் மாட்டேன்.