டாக்டர் படிப்புக்கு நான் அனுப்பிய தேயிலைத் தூள்

நான் பிறந்தது டயகமப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில். படித்தது ஐந்தாம் வகுப்பு. (அதிலும் பாதிதான் என்று என் மனைவி ராஜி சொல்வாள். அவள் ஆறு படித்தவள், அந்தத் திமிர்.) பதினாலு வயதில் லிந்துலைக்கு வந்து, தெருவோரம் சாக்கு விரித்து ஆணி விற்றேன். சாக்கு பெட்டிக்கடையானது. பெட்டிக்கடை ஹார்ட்வெயார் ஆனது. ஹார்ட்வெயாருக்கு மேலே மாடி எழும்பியது. மாடியில் போட்டோ கொப்பி, கம்பியூட்டர், இன்டர்நெட் என்று ஒரு கொமியூனிகேஷன் வந்தது. பஸாரில் முதன்முதலில் கண்ணாடிக் கதவு போட்டவன் நான். (முதல் வாரமே அதில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டவனும் நான்தான்.) கோயில் மணிக்கூண்டு என் சீமெந்து. பாடசாலை மதிலில் பாதி என் கல். ஒரே மகளை டாக்டராக்கினேன்.

கடைசி வரியை வாசித்ததும் என் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று மற்றவர்கள் வந்து சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுவது நல்லது.

பாடசாலையின் ஆண்டு மலருக்கு, மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நாலு அறிவுரை வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டார்கள். என்னை அல்ல, மகள் புனிதாவைத்தான் கேட்டார்கள். அவள், "எங்கப்பாவக் கேளுங்க. என் விண்ணப்பத்தப் பத்தி என்னைவிட அவருக்குத்தான் கூடத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். அது குத்தல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது கேட்டதுதானே!

புனிதாவுக்கு ஏ.எல். பரீட்சை முடிவு வந்தபோது மூன்று பாடத்திலும் ஏ. பஸார் முழுக்க நடந்து சொல்லிவிட்டு வந்தேன். தெரியாதவர்களை நிறுத்தி வைத்தும் சொன்னேன். அடுத்து பல்கலைக்கழக விண்ணப்பம். அதை அப்போது கம்பியூட்டரில் நிரப்பி, அச்செடுத்து, பிள்ளையும் பாடசாலை அதிபரும் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். எந்தப் படிப்பு வேண்டும் என்று ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாகக் கேட்கும் ஒரு பக்கம் அதில் இருந்தது.

புனிதா ஒரு வாரம் யோசித்துப் பட்டியல் போட்டாள். மேலே மருத்துவம், அதுவே ஏழெட்டுப் பல்கலைக்கழகத்தில். அதற்குக் கீழே பல் மருத்துவம், மிருக வைத்தியம், விவசாயம். ஆகக் கடைசியில், பக்கம் காலியாக இருக்கக் கூடாதே என்று, மீன்பிடி விஞ்ஞானம். எங்கள் கொமியூனிகேஷனில் வேலை பார்க்கும் ஷோபாதான் அதை அடித்துக் கொடுத்தாள். அதிபரும் கையெழுத்து வைத்துவிட்டு, லீவுக்குப் பொல்பிட்டியவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

தபாலில் போடும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். என் கை ராசியான கை. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் கொழும்பில் இருக்க வேண்டும் என்றார்கள். நான் நாள் பார்த்து, வியாழக்கிழமை காலைதான் நல்லது என்று வைத்திருந்தேன். (அறிவுரை ஒன்று: நாள் பார்க்காதீர்கள். கடைசி நாளை மட்டும் பாருங்கள்.)

அன்று காலை கடிதவுறைக்குள் வைக்குமுன் சும்மா புரட்டிப் பார்த்தேன். பார்த்ததும் பகீரென்றது. பிள்ளை முதல் வரியிலேயே டாக்டர் வேலையைக் கேட்டு வைத்திருக்கிறது!

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் துரையிடம் ஒன்று கேட்டு வாங்குவதில் அவர் சூரர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கையில் நாலு பீர்க்கங்காயோடு போய் நிற்பார். வெறுங்கையோடு போகவே மாட்டார். முதலில், "தொரைங்களே, கதவுக்கு ரெண்டு ஆணி" என்பார். துரை தலையாட்டுவார். "சொவத்துக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு." அதற்கும் தலையாட்டுவார். ஒரு தலை இரண்டு தரம் ஆடிவிட்டால் மூன்றாம் தரம் நிறுத்துவது கஷ்டம். அப்போதுதான், "அப்படியே கூரைக்கு நாலு தகரம்" என்பார். அந்த லயத்து வரிசையில் ஒழுகாத ஒரே வீடு எங்கள் காம்பராதான். சின்னதை முதலில் கேள், பெரியதைக் கடைசியில் கேள், வெறுங்கையோடு போகாதே. நான் கடை கட்டியதும் இதே வித்தையில்தான்.

ஷோபாவைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பக்கத்த அப்படியே தலைகீழா மாத்து. கீழ இருக்கிறது மேல, மேல இருக்கிறது கீழ."

"ஏங்க முதலாளி? அக்கா ஏசும்."

"அக்காவுக்குப் படிக்கத் தெரியும், கேக்கத் தெரியாது. நான் சொல்றேன்ல, அடி."

"மீன்பிடி மேல வந்துரும் முதலாளி."

"வரட்டும். கொழும்புல இருக்கிற பெரியவரு பாப்பாரு. அடடா, இந்தப் புள்ள மீனோட திருப்தியா நிக்குதேன்னு மனசு எளகும். எளகி எளகிக் கீழ வருவாரு. கடைசில டாக்டர் படிப்பக் கண்டதும், பாவம், இதையும் கேட்டிருக்குன்னு குடுத்துருவாரு."

ஷோபா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு மரியாதையாகப் பட்டது. கம்பியூட்டரில் மாற்றி, புதுப் பக்கத்தை அச்செடுத்து, பழைய பக்கத்தின் இடத்தில் சொருகினாள். அடுத்தது வெறுங்கை விஷயம். முதல் தரத் தேயிலைத் தூள், இருநூறு கிராம் பக்கெட் ஒன்றை எடுத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சப்பையாக்கி, விண்ணப்பத்தோடு கடிதவுறைக்குள் வைத்து ஒட்டினேன். கடிதவுறை விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி இருந்தது.

தபால் கந்தோரில் சிங்கள நோனா ஒருவர். கடிதவுறையைக் கையில் வாங்கி, அமுக்கிப் பார்த்து, "மொகத மே, முதலாளி?" என்றார். என்ன இது என்கிறார்.

"படிப்பு சம்பந்தப்பட்ட சாமான், நோனா" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, முத்திரையை ஓங்கி, கடிதவுறையின் நடுவில் ஒரே குத்தாகக் குத்தினார்.

டப்!

பிறகு அந்தக் கந்தோரில் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் தெரியவில்லை. நோனாவின் தலை, சேலை, முத்திரைப் புத்தகம், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கங்காணியின் வெள்ளை வேட்டி, எல்லாம் ஒரே நிறம். நோனா தும்மினார். தும்மியதில், முத்திரை நனைக்கும் தண்ணீர்க் கிண்ணம் விண்ணப்பத்தின் மேல் கவிழ்ந்தது. அதிபரின் கையெழுத்து என் கண் முன்னால் கரைந்து, நல்ல சாயம் இறங்கிய பிளேன்டீயாக ஓடியது.

கங்காணி வேட்டியைத் தட்டிக்கொண்டே, "நல்ல தூளுங்க முதலாளி, என்ன வாசம்!" என்றார். (இன்றைக்கும் என்னைக் கண்டால் மூக்கை உறிஞ்சிக் காட்டுவார்.)

ஈரத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். புனிதா வாசலிலேயே நின்றாள்.

"என்னப்பா, போட்டாச்சா?"

"போட்டாச்சு... ஆனா திரும்பி வந்துருச்சு."

அவள் தாள்களைப் பிடுங்கி, தூளை ஊதி, ஒவ்வொன்றாக விரித்தாள். விருப்ப வரிசைப் பக்கத்தில் அவள் கை நின்றது.

"அப்பா, மீன் எப்படிப்பா மேல வந்துச்சு?"

அப்பாவின் ஆணி, சுண்ணாம்பு, தகரம் எல்லாம் சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏசவில்லை. அங்கே கிடந்த சீமெந்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க தொரை யாரும் இல்லப்பா. மெஷின்தான் பாக்குது. மேல இருந்து பாத்துக்கிட்டு வரும். எதுக்கு மார்க் போதுமோ, அதோட நிப்பாட்டிரும். ஒரு தரந்தான் தலையாட்டும். மீனுக்கு ஆட்டுனா, அவ்வளவுதான். பதிமூணு வருஷம் படிச்சது மீனுக்காப்பா?"

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கடலில் காலைக்கூட நனைத்ததில்லை. உள்ளேயிருந்து வந்த ராஜி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்னங்க, ஒங்கப்பா கூரையத்தான் கேட்டாரு. நீங்க கூரையவே பிரிச்சுட்டீங்களே!" என்றாள்.

மாடியிலிருந்து ஷோபா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க குடுத்த பட்டியல நான் அழிக்கல. தனியா வச்சிருக்கேன். இப்படி ஆகும்னு தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?" என்று நான் சீறினேன்.

"சொன்னேனேங்க முதலாளி."

சொல்லித்தான் இருந்தாள்.

கம்பியூட்டரில் வரிசையைத் திருத்தி, எல்லாப் பக்கங்களையும் புதிதாக அச்செடுத்தார்கள். இனி அதிபரின் கையெழுத்து வேண்டும். மறுநாள் பின்னேரத்துக்குள் கொழும்பு போய்ச் சேரவும் வேண்டும்.

"இன்னொரு தரம் தபால்ல..." என்று இழுத்தேன்.

"தபால நம்புறேன்ப்பா. ஒங்களத்தான் நம்பல" என்றாள் மகள்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு வேனை எடுத்தேன். ஹட்டன் தாண்டி, கினிகத்தேனை இறங்கி, பொல்பிட்டியவில் அதிபரின் வீட்டைத் தேடிப் பிடித்தோம். மனுஷன் சாரத்தைத் தூக்கிச் செருகி, வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். புனிதா மூச்சு விடாமல் முழுக்கதையும் சொன்னாள். நான் வாழை இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இந்த முறை விருப்ப வரிசைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, "முதலாளி, தூள் மிச்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்து, வேனிலிருந்து ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். புனிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

கொழும்பில் அந்தக் கந்தோரைக் கண்டுபிடித்து உள்ளே போகும்போது மணி மூன்று. இடுப்பு வளைந்து, இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொள்ள, முகத்தில் அப்பாவின் பெரட்டுக்களத்துச் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். "சேர், மொதல்ல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், புனிதா என் காலை மிதித்தாள்.

"நிமிந்து நில்லுங்கப்பா. நாம ஒண்ணும் கேட்டு வரல. எடுத்த மார்க்குக்கு வர வேண்டியத வாங்க வந்திருக்கோம்."

உள்ளே இருந்தவர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கி, முத்திரை குத்தி, பற்றுச்சீட்டை நீட்டினார். அவ்வளவுதான். நாற்பது வருஷமாக நான் வளர்த்து வைத்திருந்த வித்தையைக் காட்ட அங்கே ஒரு தலைகூட இல்லை. வெளியே வந்து முதுகை நிமிர்த்திப் பார்த்தேன். அது கொஞ்சம் சத்தம் போட்டது. பழக்கமில்லை பாருங்கள்.

மருத்துவம் கிடைத்தது. முதல் வரியில் கேட்டதே கிடைத்தது. இப்போது புனிதா டாக்டர். வீட்டில் யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால், "மொதல்ல மீன்" என்றுதான் தொடங்குவார்கள். என் பேத்திக்கு ஆறு வயது. அவள்கூட, "தாத்தா, மொதல்ல ஒரு டொஃபி, அப்புறம் ஒரு பலூன், அப்புறம்..." என்று என் போனை நோக்கி வருகிறாள். யாராவது எங்கள் வீட்டுக்குப் பார்சல் அனுப்பினால், முதலில் குலுக்கிப் பார்க்கிறார்கள்.

போன வருஷம் பாடசாலையில் புனிதாவுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அவள் மேடையில் அம்மாவுக்கு நன்றி சொன்னாள். ஆசிரியர்களுக்குச் சொன்னாள். அதிபருக்கு, ஷோபாவுக்கு, தபால் கந்தோர் நோனாவுக்குக்கூடச் சொன்னாள். கடைசியாக, "எங்கப்பா வாங்கிய தேயிலைத் தூளுக்கு நன்றி" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தூளுக்கு நன்றி. எனக்கு இல்லை!

பெரியவர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டியலைத் தலைகீழாக்கியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தூளை வைக்காமல் இருந்திருந்தால் கடிதவுறை வெடித்திருக்குமா? வெடிக்காவிட்டால், அந்தப் பட்டியல் அப்படியே கொழும்புக்குப் போயிருக்காதா? புனிதா இன்று மாத்தறைப் பக்கம் எங்கோ மீனுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை டாக்டராக்கியது யார்?

ஆகவே, பழைய மாணவர் சங்கத்தாருக்கு என் பணிவான வேண்டுகோள். அடுத்த விழாவுக்கு வரும்போது எனக்கு ஒரு பிளேன்டீ தர வேண்டும். முன்வரிசையில் ஒரு கதிரை போட வேண்டும். அப்படியே, பாடசாலை மண்டபத்தில் டாக்டர்களின் பெயர்ப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறீர்களே, அதில் புனிதாவின் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட வேண்டும். அதே அளவு எழுத்தில்.