வேப்பிலையும் தகரக் குழாயும்

என் குரலைக் கேட்டு ஒரு கூட்டம் கூடியதாகச் சரித்திரமே இல்லை. ஓடியதுண்டு. ஒரு தோட்டமே ஓடியிருக்கிறது.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் ஆண்ட காலம். சிலிபின் ஊரில் வேலையில்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த என்னை, தொண்டை பெரிது என்ற ஒரே தகுதிக்காக நோய்த்தடுப்புப் பிரச்சாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அம்மை நோயைப் பற்றித் தகரக் குழாயில் முழங்கி, மறுநாள் காலை எல்லோரையும் ஊசிக்குக் கூட்ட வேண்டும். ஆள் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் அதிகாரி தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். (அந்தப் பாஷைக்கு அகராதி வேண்டாம்.)

தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நடுவே நின்று முழங்கினேன். "அம்மை பரவுது! நாளைக்குக் காலையில எல்லாரும் பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துக்கு வந்துடுங்க! லாரி வரும்!"

லாரி என்றதுமே கதவுகள் படபடவென்று மூடின. ரப்பர்ப் பால் வெட்டும் முனியம்மா அக்கா மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே வந்தார்.

"போன தடவ சும்மா படம் காட்டுறோம்னு கூப்பிட்டுத்தான் என் வூட்டுக்காரர லாரியில ஏத்துனானுங்க. சயாம்ல தண்டவாளம் போடுறாரு. இப்ப நீ ஊசின்னு சொல்லிக்கிட்டு வாரியா?"

"ஐயோ அக்கா, நெசமாவே ஊசிதான்லா!"

"மருந்துப் பொட்டிய கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை.

விடிந்தபோது தோட்டத்தில் ஈ, காக்கை இல்லை. அத்தனை பேரும் காட்டுக்குள். அம்மை கண்ட வீட்டில் கட்டுவதுபோல் எல்லா வாசலிலும் வேப்பிலை தொங்கியது. அக்காவின் வேலை. லாரிச் சத்தம் கேட்டது. ஆளும் இல்லை, இனி என் கழுத்தும் இல்லை என்று புதருக்குள் பாய்ந்தேன். அங்கே செவ்வெறும்புக் கூடு! அலறியபடி அதிகாரியின் காலடியிலேயே வந்து விழுந்தேன்.

லாரியில் சிப்பாய்கள் இருந்தார்கள், கயிறு இருந்தது. மருந்துப் பெட்டி இல்லை. அக்கா சொன்னதுதான் சரி, இது ஆள் பிடிக்க வந்த லாரி.

"அது என்ன இலை?" என்று அரைகுறை மலாயில் கேட்டார் அதிகாரி.

பொய் சொல்லும் தைரியம் எனக்கேது? வேப்பிலைக்கு உள்ள அர்த்தத்தையே உளறினேன். "சக்கிட், துவான்! எல்லா வீட்டிலும் அம்மை, துவான்!" (சக்கிட் என்றால் நோய், துவான் என்றால் ஐயா.)

அவர் வாசல்களைப் பார்த்தார். சிவந்து தடித்துப் போன என் மூஞ்சியைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு லாரியில் தாவி ஏறினார். லாரி வந்த வழியே பின்னுக்குப் போனது, என்னை விட்டுவிட்டு.

அப்புறம் ஜப்பான்காரன் போகும்வரை அந்தத் தோட்டத்தில்தான் மரவள்ளி நட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் சயாமிலிருந்து வரவேயில்லை. நான் கட்டிக்கொண்டது அக்காவின் தங்கையை. ("வீங்கியிருந்தப்பதான் இவரு மூஞ்சி பாக்குற மாதிரி இருந்துச்சு" என்பாள்.)

இன்றும் சுகாதாரப் பிரச்சார வேன் தெருவில் கத்திக்கொண்டு வந்தால், "அப்பா, வேப்பிலை கட்டட்டுமாலா?" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். அதற்கு முன்னால் வேனுக்குள் எட்டி, மருந்துப் பெட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவேன்.