ரப்பருக்கு எண்ணெய் தேய்த்த விவரம்

குற்றாலம்,
1962, ஆடி 4

மகாலட்சுமி போன்ற மதினி ரெங்கம்மாள் அவர்களுக்கு, குழல்வாய்மொழி எழுதிக்கொண்டது. இங்கே சாரலும் காற்றும் நாங்களும் சௌக்கியம். செங்கோட்டையில் நீங்களும் அண்ணனும் சௌக்கியமாயிருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

கல்யாண வீட்டில் நீங்கள் காதோடு சொன்னதை, என் அண்ணன் சமாச்சாரம் என்பதால் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டேன், ஆனாலும் மறக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்த மூன்று வருஷமாக, நான் பக்கத்தில் படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுகிறார். ஏழு பேரப்பிள்ளை எடுத்தவள்தான் நான், அதனால் பெண்டாட்டி இல்லையென்று ஆகிவிடுமா. நாற்பது வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் இப்படி ஒரு லாட்ஜ் அறையில் இருப்பது இப்போதுதான், வெள்ளிக்கிழமை மகன் குடும்பத்தோடு வந்துவிடுவான்.

நீங்கள் சொன்ன லாட்ஜ் வைத்தியரிடம் முழங்கால் வலி என்று போனேன். ஆம்பிளை இடுப்பில் கட்டுகிற தோல்வாரும், அதில் மாட்டுகிற ரப்பர் உறுப்பும், சின்னது, நடுத்தரம், பெரிசு என்று மேசையில் பரப்பினார். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முதலாக வந்தவள் நான், பாவூர்சத்திரம் சந்தையில் என்னிடம் சொத்தைக் காய் தள்ள ஒருத்தன் பிறக்கவில்லை. பெரிசை எடுத்தேன். "ஆச்சி, இது அண்டா எடுக்க மாதிரி இல்ல. ஒங்களுக்கு நோகாம இருக்கணும்லா, நடுத்தரத்த எடுங்க" என்றார். இடுப்பளவு கேட்டார், கல்யாணத்தன்று வீட்டுக்காரருக்கு இருந்த இடுப்பைச் சொல்லிவிட்டேன். அவுக தூங்கும்போது வைத்துப் பார்த்தால் வார் எட்டவில்லை. வாரை மட்டும் செருப்புத் தைக்கிற நல்லகண்ணுவிடம் கொண்டுபோனால், "ஆச்சி, இது எந்த மாட்டுக்கு?" என்கிறான். "ஜட்கா குதிரைக்குலே, சோலியப் பாரு" என்றேன்.

வாங்கி வந்ததை வீட்டுக்காரரிடம் காட்டினேன், இரண்டு நாள் சுவரை விட்டுத் திரும்பவில்லை. மூன்றாம் நாள், "சரிட்டி, கெடக்கட்டும், நாளைக்குப் பாப்போம்" என்று சுவரிடம் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் புத்தி கெட்டேன். குற்றாலத்துக்கு வந்த எதற்கு நாம் எண்ணெய் தேய்க்காமல் விட்டோம்? நல்லெண்ணெயைக் காய்ச்சி ரப்பருக்கும் வாருக்கும் ஊறத் தேய்த்து, சாரலில் வெயில் ஏது, அடுப்புக்கு மேல் தொங்கவிட்டேன். விடியக்காலம் பார்த்தா ஊதிப் பிசுபிசுத்து அல்வா மாதிரி தொங்குது. ஓடினேன் வைத்தியரிடம். "ரப்பருக்கு எண்ணெய்தான் எமன் ஆச்சி. சோப்புத் தண்ணியில கழுவி, தொடச்சு, நெழல்ல காயவச்சு, பவுடர் போட்டுத் துணிப்பையில வைக்கணும். எண்ணெய் வாருக்கு மட்டுந்தான்." விக்கும்போது இதச் சொல்ல அந்த மனுசனுக்கு வாயில்ல. சரக்கும் தீர்ந்துபோச்சாம்.

அவுக இன்னும் பாக்கல. தெரிஞ்சா, சாமியே வேண்டாம்னுட்டாருன்னு சொவத்துப் பக்கம் திரும்பிருவாக, பெறகு எந்த வருஷம் நான் திருப்ப. ஆகையால் புதிதாய் ஒன்று வியாழனுக்குள் அனுப்பவும். உங்களுடையதை அனுப்பாதீர்கள், அது கைமாற்று வாங்க இட்லிக் கொப்பரை இல்லை. பார்சலில் கஷாயம் என்று எழுதுங்கள்.

அண்ணனுக்கு நமஸ்காரம், மருமக்கமார் நெற்றியில் என் பேரைச் சொல்லித் திருநீறு பூசுங்கள்.

குழல்வாய்மொழி

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடிப் போன நேரத்தில் அவுக அருவியிலிருந்து வந்து முழுக்கப் படித்துவிட்டார்கள். நான் செத்தேனென்று வாசலில் நின்றேன். சிரித்துச் சிரித்து இருமி, கட்டிலில் உட்கார்ந்து, "இம்புட்டு அலைஞ்சியாட்டி எனக்காக" என்று கையைப் பிடித்தார்கள். பிடித்த கையை மத்தியானம்வரை விடவில்லை. பார்சல் வேண்டாம். மகனுக்கு மட்டும் ஒரு தந்தி கொடுங்கள்: லாட்ஜ் முழுக்க ஒழுகுகிறது, வெள்ளிக்கிழமை வரவேண்டாம்.